அண்ணியின் ‘ம்’

அந்தக் கடைக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. இயந்திரத்திலிருந்து தொட்டியில் இறக்கிய ஜெலாட்டோ என்கிற இத்தாலிய ஐஸ்கிரீம், பிஸ்தாவோ பாலோ எலுமிச்சையோ, எதுவாக இருந்தாலும் நேராக முன்பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடாது. மாஸ்டர் அதில் ஓர் ஓரத்தை எவர்சில்வர் கரண்டியால் கிள்ளி எடுப்பார். சொட்டு கீழே விழாதபடி கரண்டிக்கடியில் இடது உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, பின்வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் நடப்பார். அவள் வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடி, நாக்கை ஒரு சுற்றுச் சுற்றுவாள். ‘ம்’ என்றால் தொட்டி முன்னால் போகும். ‘ம்ஹூம்’ என்றால் இன்ன குறை என்று அவள் சொல்லும்வரை மாஸ்டர் அங்கேயே நிற்பார், வீட்டுப்பாட நோட்டை நீட்டிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கும் பிள்ளை மாதிரி.

தெருவுக்கே இது தெரியும். காலையில் ஷட்டர் ஏறியதும் வருகிறவர்கள், “அம்மா சொல்லியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். என்ன விலை, என்ன வகை எல்லாம் அதற்கப்புறம்தான்.

மாஸ்டர் தன் கையால் செய்வதைத் தானே ருசி பார்க்காததற்குக் காரணம் உண்டு. அவருக்குச் சர்க்கரை. பதினோரு வருஷத்துக்கு முன் வலதுகாலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே மனைவி அவர் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். “இனிமே ஒரு சொட்டு உங்க நாக்குல படக் கூடாது. உங்களுக்குக் கை இருக்கில்ல, அது போதும். நாக்குக்கு நான் இருக்கேன்.”

அன்றிலிருந்து கை அவருடையது, நாக்கு அவளுடையது. அளவெல்லாம் கப்பல் சமையலறையில் வேலை பார்த்த அவருடைய அப்பா கொண்டுவந்தது. காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டில் கிராம் சுத்தமாக எழுதியிருக்கும். ஆனால் எலுமிச்சை நோட்டைப் படித்துவிட்டா காய்க்கிறது? ஒரு கூடை புளிக்கும், ஒரு கூடை கசக்கும். அங்கேதான் நாக்கு வேண்டும்.

இதையெல்லாம் ஒன்பது வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துவருபவள் சின்னவள். மாஸ்டரின் தங்கை. புருஷன் செத்து முப்பது நாள் முடிந்து ஒரு பெட்டியோடு இந்தக் கடை வாசலில் வந்து நின்றபோது, நல்ல வெயில், வாசலில் ஏழெட்டுப் பேர் கூட்டம். என்ன சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல் நின்றாள். அண்ணி எட்டிப் பார்த்தாள். “என்னடி வாசல்லயே நின்னுட்ட? பெட்டிய அந்த மூலையில போடு. கைய கழுவிட்டு வா, கூட்டம் நிக்குது பாரு.” அவ்வளவுதான். ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. ஒரு ஏப்ரனைத் தூக்கி வீசினாள். சின்னவள் அதைக் கட்டிக்கொண்டவள்தான்.

போன வருஷம் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மாஸ்டர் அன்றைக்கு இறக்கிய ஷட்டரை ஐந்து மாதம் ஏற்றவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சிலேயே கிடந்தார். ‘கடையை நான் பாத்துக்கறேன்’ என்று சின்னவள் சொன்னதற்கு, “நாக்கு இங்க படுத்திருக்கு, அங்க எத விக்கப் போற?” என்றார். கட்டிலில் கிடந்தபடி அண்ணி இதைக் கேட்டாள். கேட்டதை மறக்கவில்லை.

பிறகு முடி முளைத்தது, நாக்குக்கு ருசி திரும்பியது, ஷட்டர் ஏறியது. ஸ்டூலில் அண்ணி மறுபடி உட்கார்ந்த அன்று தெருவே வந்து வரிசையில் நின்றது. முக்குக்கடைத் தையல்காரர் ஒரே மூச்சில் நாலு கப் சாப்பிட்டுவிட்டு, “என் தொண்ட கட்டிக்கிட்டா அம்மாதான் பொறுப்பு,” என்றார்.

இந்த வெயில் காலத் தொடக்கத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை, எலுமிச்சைக் கரண்டியை வாங்கிய அண்ணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

“ம்ஹூம். இனிப்பு பத்தல.”

“நோட்டுல உள்ளதுதான போட்டேன்?”

“காய் புளிக்குதுங்க. ஒரு கை கூடப் போடுங்க.”

மாஸ்டர் கூடப் போட்டார். தொட்டி முன்னால் வந்தது. சின்னவள் வழக்கம்போல் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்தவள் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பாலுக்கும் அப்படியே சொன்னாள். அதற்கடுத்த நாள் மறுபடி எலுமிச்சை. நாலாம் நாள் மத்தியானம், மாஸ்டர் பால் வாங்கப் போன நேரம், இருவரும் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள். சின்னவள் பிழிந்த மூடியை வாளியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“அண்ணி, உங்களுக்கு ருசி தெரியுதா?”

“ஏன், தெரியாம?”

“எலுமிச்ச பாகு மாதிரி இருக்கு. எனக்குப் பல்லு கூசுது.”

“உனக்குச் சொத்தப் பல்லு. பல் டாக்டர்கிட்ட போ.”

“அண்ணி.”

அண்ணி அடுத்த பழத்தை எடுத்து அறுத்தாள். அரை மூடியை நேராக வாயில் வைத்துச் சப்பினாள். எலுமிச்சையைச் சப்புகிற யாருக்கும் முகம் ஒரு கணமாவது சுருங்கும். அண்ணியின் முகம் சுருங்கவே இல்லை. தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

“துருப்பிடிச்ச ஆணிய நக்கற மாதிரி இருக்குடி. எதப் போட்டாலும் இரும்பு. போன தடவையும் இப்படித்தான். கட்டி கைக்குத் தட்டுப்படுறதுக்கு முன்னாலயே நாக்கு சொல்லிடுச்சு.”

சின்னவளுக்குக் கையில் பழச்சாறு எரிந்தது. எங்கோ கத்தி பட்டிருக்க வேண்டும்.

“இப்ப கைக்குத் தட்டுப்படுதா?”

அண்ணி அக்குளுக்குக் கீழே புடவையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஐயோ, இன்னிக்கே போலாம் அண்ணி. அண்ணன் வரட்டும்…”

“வாய மூடு. உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவாருன்னு உனக்குத் தெரியும். ஷட்டர இறக்கிட்டு வந்து பெஞ்சுல படுத்துக்குவாரு. போன தடவ அஞ்சு மாசம். அந்த ஆளு கால் வீங்கி, வேளைக்குச் சாப்பிடாம… எனக்கு மருந்து ஏத்தறப்ப நான் என்னப் பத்தியா நெனச்சேன்? இவர் அடுத்த விரலையும் குடுத்துருவாரோன்னு நெனச்சேன். வெயில் முடியட்டும். மழை விழுந்தா இந்தக் கடைக்கு யாரு வரப் போறா? அப்ப மூடினா யாருக்கும் ஒண்ணுமில்ல. ரெண்டு மாசம்.”

“ரெண்டு மாசம் அது சும்மா உக்காந்திருக்குமா அண்ணி?”

“என் தலைல கை வெச்சுச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு.”

அந்த வீட்டில் எல்லாச் சத்தியமும் அண்ணியின் தலைமேல்தான். சின்னவள் ஈரக் கையோடு வைத்தாள். புதிதாக முளைத்த முடி, பூனைக்குட்டி முதுகு போல மெத்தென்று இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம். தினமும் காலையில் கரண்டி போகும், “பத்தல” என்று திரும்பும், மாஸ்டர் தராசில் சர்க்கரை வைப்பார். ஒரு தொட்டி எலுமிச்சைக்கு ஒரு கிலோ ஐம்பது கிராம் என்று நோட்டில் இருந்தது ஒரு கிலோ நானூறு ஆயிற்று. ஜெலாட்டோவின் குணம் அது: சர்க்கரை ஏற ஏற உறையாது. முன்பெல்லாம் தட்டைக் கரண்டியைத் தொட்டி நடுவில் குத்தினால் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். இப்போது குடிகாரன் மாதிரி மெல்லச் சாய்ந்தது. கப்பில் மேடு கட்டி வைத்தால் ஆள் படியிறங்குவதற்குள் அமுங்கிப்போயிற்று.

மாஸ்டர் குளிரைக் கூட்டினார். “கரண்ட் சரியா வரல,” என்றார். இரண்டு நாள் கழித்து, “கேஸ் இறங்கிருச்சு போல,” என்றார். தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சர்க்கரை என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

சின்னவளுக்கு அதைவிட ஆச்சரியம், வாங்குகிறவர்கள் யாரும் ஒன்றும் சொல்லாததுதான். ஓய்வுபெற்ற தபால்காரர் தினமும் நாலு மணிக்கு எலுமிச்சைக்கு வருகிறவர். உப்பு உறைப்பில் ஒரு குறை இருந்தால் ஓட்டல் முதலாளியைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்கிற மனிதர். அவரும் பெஞ்சில் உட்கார்ந்து, குழைந்த பாகை வழித்து வழித்துச் சாப்பிட்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “வரேம்மா,” என்று போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் மெக்கானிக் வந்தார். மாஸ்டரின் அப்பா காலத்து இயந்திரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். மத்தியான நேரம்; சாப்பிட்டுவிட்டு அண்ணி மாடி வீட்டில் படுத்திருந்தாள். மெக்கானிக் பின்பலகையைக் கழற்றினார், கம்ப்ரஸரில் காது வைத்துக் கேட்டார், கேஸ் அளந்தார், பெல்ட்டைத் தட்டினார். ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“மாஸ்டரே, இதுக்கு ஒரு நோவும் இல்ல. நம்ம ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டுட்டுத்தான் இது போகும்.”

“அப்புறம் ஏன் உறைய மாட்டேங்குது?”

“கொஞ்சம் குடு பாப்போம்.”

சின்னவள் கை நகரவில்லை. மெக்கானிக்கே எட்டி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். ஒரு கண் மூடிக்கொண்டது.

“அடேயப்பா! என்னய்யா இது, கடையில எறும்பு வளக்கறியா? இவ்வளவு சர்க்கரையக் கொட்டினா வட துருவத்துல கொண்டுபோய் வெச்சாலும் உறையாது. இது உனக்குத் தெரியாததா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே?”

மாஸ்டர் கையிலிருந்த தெர்மாமீட்டரைத் துடைத்தார். மெக்கானிக் சிரித்தவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை பின்வாசல் பக்கம் காலியாக இருந்த ஸ்டூலுக்குப் போய்த் திரும்பியது. ஸ்பானர்களைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு, “நான் அப்புறம் வரேன்,” என்று கிளம்பிப் போனார்.

மாஸ்டர் தங்கை பக்கம் திரும்பினார்.

“நீ தெனமும் வாய்ல வெக்கறல்ல?”

“வெக்கறேன்.”

“ஏன் சொல்லல?”

“அண்ணா…”

“மூணு வாரமா வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? நான்தான் நாக்கில்லாதவன். உனக்கு என்ன கேடு?”

ஒன்பது வருஷத்தில் அண்ணன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. சின்னவளுக்கு அழுகை வருவதற்குப் பதில் கோபம் வந்தது.

“உனக்குத் தெரியாதா? தராசுல வெச்சது யாரு? நோட்டுல ஒண்ணு ஐம்பதுன்னு இருக்கறத ஒண்ணு நானூறுன்னு நிறுத்தது எந்தக் கை? கரண்டி சாயறப்ப உன் கைக்குத் தெரியல? கரண்ட்டுன்ன, கேஸுன்ன, மெக்கானிக்க வரச் சொன்ன. சக்கரைன்னு ஒரு வார்த்த உன் வாய்ல வந்துச்சா? தெரிஞ்சுதான் செஞ்ச அண்ணா. என்ன மட்டும் கேக்காத.”

மாஸ்டர் சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்தார். ஏப்ரனின் நுனியை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“அவ சொல்றத நான் தப்புன்னு எப்படிச் சொல்றது?” என்றார். “தப்புன்னு சொன்னா, அப்புறம் ஏன் தப்பாச்சுன்னு கேக்கணும்ல?”

மாடிப்படியில் காலடி கேட்டது. அண்ணி பாதிப் படியில் நின்றாள்.

“அவள ஏன் திட்டறீங்க? நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

“எத்தன நாளா?”

“நாக்கு மூணு வாரமா.”

“கட்டி?”

அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “அது ஒரு ஒன்றர மாசமா இருக்கு.”

சின்னவள் நிமிர்ந்தாள். அவளிடம்கூட அண்ணி பாதியைத்தான் சொல்லியிருந்தாள். மாஸ்டர் எழுந்து போய் மனைவிக்குக் கைகொடுத்துக் கடைசிப் படிவரை இறக்கினார்.

“காலையில போலாம்,” என்றார்.

“எலுமிச்சை போட்டுட்டுப் போலாம்.”

“அடி, உனக்கென்ன பைத்தியமா?”

“ஷட்டர இறக்கிட்டு என்னக் கூட்டிட்டுப் போனீங்கன்னா நான் அந்தப் பெஞ்சுலயே செத்துப் போவேன். எலுமிச்சை போடுங்க. சின்னவ கடையில நிப்பா. அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்.”

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்பே மாஸ்டர் தராசடியில் நின்றார். காக்கி நோட்டைப் பிரித்துவைத்தார். அப்பாவின் எழுத்தின்மேல் விரலை வைத்துப் படித்து, ஒரு கிலோ ஐம்பது கிராம் நிறுத்தார். பத்துக் கிராம் கூடிவிட்டது. விரல்நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். சாறு, தண்ணீர், சர்க்கரை கலந்து இயந்திரத்தில் ஊற்றினார். இருபது நிமிஷம். மூவரும் அதன் சுற்றலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஆஸ்பத்திரிக்கென்று கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டி, மருந்துச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றும் சத்தம் கனத்துத் திணறியதும் மாஸ்டர் இயந்திரத்தின் வாயைத் திறந்தார். வெள்ளை மடிப்பு மடிப்பாகத் தொட்டியில் விழுந்தது.

அவர் ஓரத்தைக் கிள்ளினார். இடது கையைக் கீழே ஏந்தினார். நடந்தார்.

அண்ணி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். நாக்கு கன்னத்தின் உட்புறமாக ஒரு சுற்றுப் போவது வெளியே தெரிந்தது. இன்னொரு சுற்றும் போயிற்று. மாஸ்டர் காத்திருந்தார். சின்னவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“தெரியலைங்க,” என்றாள் அண்ணி. “எனக்கு ஒண்ணும் தெரியல.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்கடியிலிருந்து நீர் இறங்கிற்று.

மாஸ்டர் தொட்டிக்குத் திரும்பிப் போனார். அதே கரண்டியில் இன்னொரு கிள்ளு எடுத்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு வாயில் வைத்தார். சின்னவள், “அண்ணா, சத்தியம்,” என்று வாயெடுத்தாள். அண்ணி கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள்.

மாஸ்டர் நெடுநேரம் விழுங்காமல் நின்றார். பிறகு தொண்டை ஏறி இறங்கிற்று.

“புளிப்பு கொஞ்சம் முன்னால வந்து நிக்குது,” என்றார். “இனிப்பு பின்னாலேர்ந்து வருது.”

“அப்படித்தான் வரணும்,” என்றாள் அண்ணி. “எடுத்து வெக்கச் சொல்லுங்க.”

அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போனதும் சின்னவள் ஷட்டரை முழுதாக ஏற்றினாள். தட்டைக் கரண்டியைத் தொட்டி நடுவில் குத்தினாள். அது நின்றது.

தபால்காரர் அன்றைக்கு நாலு மணிவரை காத்திருக்கவில்லை, பதினொன்றுக்கே வந்தார். ஆட்டோ போனதை எங்கிருந்தோ பார்த்திருக்கிறார். கப்பை வாங்கி ஒரு வாய் வைத்தார். அடுத்த வாய் வைக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே இருந்தார்.

“பழைய ருசி வந்திருச்சும்மா,” என்றார்.

“அப்ப இத்தன நாளும் உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?”

“நாப்பது வருஷம் தபால் போட்ட கைம்மா இது. தெருவுல எந்த வீட்டுல கெட்ட சேதின்னு கவரத் தொட்டாலே தெரியும். நாக்குக்குத் தெரியாம இருக்குமா?”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“அம்மா ‘சரி’ன்னு சொல்லி அனுப்புனத நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இல்லங்கறது? தெருவுல ஒருத்தனும் சொல்லல பாரு. தையல்காரன் சுகருக்கு மாத்திர போட்டுட்டு வந்து சாப்பிட்டான்.”

சின்னவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் கோணிக்கொண்டு வந்தது. பெட்டிக்குப் பின்னால் குனிந்து, விழாத கரண்டியைத் தேடினாள்.

மூன்று மணிக்கு மாஸ்டர் போன் செய்தார்.

“படம் எடுத்தாங்க. டாக்டர் வெளிய வந்து என் தோள்ல கைய வெச்சாரு. போன தடவ வெக்கலடி.”

சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“அண்ணா, நான் அன்னிக்கே சொல்லியிருந்தா…”

“நான் டாக்டர்கிட்ட அதக் கேக்கல. நீயும் கேக்காத.”

“கடைய மூடிட்டு வரட்டுமா?”

“கடையப் பத்தித்தான் அவளும் கேட்டா. ஊசி மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறந்ததும் கேட்டா, எலுமிச்சை காலியாச்சான்னு.”

தொட்டியில் பாதிக்குமேல் இருந்தது. வெயில் சரியாக ஏறாத நாள்.

“காலின்னு சொல்லு,” என்றாள். “பத்தலன்னு ஆளுங்களத் திருப்பி அனுப்பிட்டேன்னு சொல்லு.”

போனை வைத்துத் திரும்பினபோது பெஞ்சில் தபால்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்துவந்து காலிக் கப்பை நீட்டினார். “இன்னொண்ணு குடு,” என்றார். பிறகு வாசலுக்குப் போய், எதிர்ப்பக்கம் பார்த்து, பழைய வேலைக் குரலில் கூவினார். “யோவ் தையல்காரரே! மாத்திர வேணாம், சும்மா வாய்யா!”

வந்தார்கள். யாரும் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. எலுமிச்சை என்று மட்டும் கேட்டார்கள். பிஸ்தா பிடிக்கிறவர்களும் எலுமிச்சை என்றார்கள். வெயில் தணிந்து தெருவில் நிழல் நீளும் நேரத்துக்குள் தொட்டியின் அடித்தகரம் தெரிந்தது.

மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் கிள்ளைச் சின்னவள் எவர்சில்வர் கரண்டியால் வழித்தெடுத்தாள். ஏதோ நினைப்பில் கரண்டிக்கடியில் இடது கையை ஏந்திக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள். ஸ்டூல் முன்னால் போய் நின்றபிறகுதான் தெரிந்தது. திரும்பவும் முடியவில்லை, அதைத் தன் வாயில் வைத்துக்கொள்ளவும் கை வரவில்லை. அப்படியே நின்றாள். அது கரைந்து, கரண்டியின் விளிம்பில் திரண்டு, சொட்டாக அவள் உள்ளங்கையில் விழுந்தது.